மாதாவுக்கு வைத்த பொட்டு

இதை நானே என் கையால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்தட்டும், அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வசனத்தை மட்டும் குறைக்க வேண்டாம். என் வசனத்தை ஒருத்தி குறைத்ததால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்த பிறகு பத்தொன்பது வருஷம் நான் வீடுகள் துடைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. நான் துடைத்துவிட்டுப் போன மேசையை ஒருவரும் விரலால் தடவிப் பார்த்ததில்லை. பார்த்தாலும் விரலில் ஒன்றும் ஒட்டியிராது.

அந்த வீடுகளில் ஒன்று, தனியாக இருந்த ஒரு ஜெர்மன் அம்மாவுடையது. கால் ஏலாதவர். அவருடைய கட்டிலின் தலைமாட்டில் ஒரு படம் தொங்கியது. பள்ளிக்கூடக் கொப்பித் தாள் அளவுகூட இல்லை. கறுத்த மரச்சட்டம், கண்ணாடி கிடையாது. உலகச் சண்டைக் காலத்தில் குண்டு விழுந்தபோது கண்ணாடி நொறுங்கியதாம், பிறகு ஒருவரும் போடவில்லை. பழுப்பேறிய தாளில் கறுப்புக் கோடுகளாலேயே ஆன மாதா. மணி போல விரிந்த உடுப்பு, தலையில் கிரீடம், கையில் குழந்தை, சுற்றிவர முகில்களும் செட்டை முளைத்த சின்ன முகங்களும். கீழே நாலு வரி எழுத்து. முதல் நாள் அந்த அம்மா எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டியபோது அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, துணியைக் காட்டி, தலையை ஆட்டினார். இதைத் துடைக்காதே. பன்னிரண்டு வருஷம் சட்டத்தின் மேல்விளிம்பை மட்டும் துடைத்தேன். தாளில் என் விரல் பட்டதில்லை.

அவர் முதியோர் இல்லத்துக்குப் போக முதல் பிள்ளைகள் வந்து அலுமாரியைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, அதைக் கழற்றச் சொல்லி, என் கையிலேயே தந்தார். உனக்குத்தான் இதைச் சும்மா விடத் தெரியும் என்றார். என் ஜெர்மன் பெரிதில்லை. ஆனாலும் அது விளங்கியது.

நாங்கள் சைவம். ஆனால் கோடையில், ஹொலண்ட் எல்லைப்பக்கத்தில் இருக்கிற மாதா ஊருக்கு இங்கத்தைத் தமிழ்ச்சனம் எல்லாம் போகும். சைவமும் போகும், கிறிஸ்தவ வேதமும் போகும். அம்மாள் எங்கே இருந்தாலும் அம்மாள்தான். என் மனுசன் படத்தைச் சாமி அறையில் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் கொழுவினார்.

"இவ இஞ்சத்தை ஆள். கந்தோருகளுக்கு நாங்கள் எழுதிப் போட்ட அந்திராக் எல்லாம் இனிக் கெதியிலை சரிவரும்," என்று பகிடி விட்டார்.

இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி என் நெற்றிப் பொட்டும் அவரோடு போனது. அதன் பிறகு திருநீறு மட்டும்தான். முப்பத்தோராம் நாள் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை சாமி அறையில் விளக்கு ஏற்றினேன். குங்குமச் சிமிழ் பழைய இடத்திலேயே இருந்தது. முப்பத்தாறு வருஷமாகக் குளித்த கையோடு அந்தச் சிமிழுக்குள் போன விரல், அன்றைக்கும் போய்விட்டது. போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. சிவந்த விரலோடு நின்றேன். முருகனுக்கும் பிள்ளையாருக்கும் முன்னால் கண்ணாடி. மாதாவுக்குக் கண்ணாடி இல்லை.

உண்மையைச் சொன்னால், அது மாதாவுக்கு வைத்த பொட்டு இல்லை. எனக்கு வைக்க ஏலாததை அவவில் வைத்தேன்.

அவவின் முகம் என் பெருவிரல் நகத்தளவு. நெற்றி ஓர் உளுந்தளவு. அன்றைக்கு விரல் நுனி பட்டும் படாமலும் வைத்தேன்; அப்படியே விரலால் வைத்துக்கொண்டு போனால் முகமே போய்விடும். ஆகவே அடுத்த கிழமையிலிருந்து பல்லுக் குத்தும் குச்சியின் நுனியால் வைத்தேன். ஒரு கடுகளவு சந்தனம், அதற்கு மேல் குங்குமம். மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும். ஒரு நாளும் புருவத்தில் பட்டதில்லை. பதினொரு வருஷம், வெள்ளிக்கு வெள்ளி.

கீழ்வீட்டில் எங்கள் ஊர்ப்பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். கரையோரத்து வேதக்காரி, வாய்க்காரி. முதன்முதல் அதைக் கண்ட அன்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எடியே, மாதாவுக்குப் பொட்டு வைச்சு ஆருக்குப் பொம்பிளை பாக்கிறாய்?"

"நீங்கள் மாலை போட்டுச் சப்பறத்திலை தூக்கிக்கொண்டு திரியேக்கை ஒண்டுமில்லை. நான் ஒரு பொட்டு வைச்சால் குற்றமோ அக்கா?"

"மாலை வேறை, பொட்டு வேறை. சுவாமியார் கண்டாரெண்டால் உன்னைப் பிடிச்சு ஞானஸ்நானம் குடுத்துப்போடுவார்."

"குடுக்கட்டும். எனக்கும் பொழுது போகுதில்லை."

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். என் நெற்றியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அதன் பிறகு அந்தப் பொட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் பகிடி விட்டதில்லை.

என் மகள் இங்கேயே படித்து வளர்ந்தவள். நகரசபைக் கந்தோரில் வேலை. ஒரு நாள் போனில் எதையோ பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமல் மாதாவைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் நூதனசாலை ஒன்று இருக்கிறது. பழைய சாமிப் படங்கள் வீட்டில் வைத்திருக்கிற ஆட்கள் கண்காட்சிக்குத் தந்துதவும்படி கேட்டிருந்தார்களாம்.

"ஆரைக் கேட்டு அனுப்பினனி?"

"அம்மா, அவை துள்ளிக் குதிக்கினம். இது முந்நூறு வருஷத்துப் படமாம். செம்பிலை வெட்டி அச்சடிச்சதாம். மூண்டு மாசத்துக்கு மட்டும் கேக்கினம். எங்கடை படம் மியூசியத்திலை தொங்கப்போகுது. எத்தினை பேருக்குக் கிடைக்கும்?"

எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். மறைக்கமாட்டேன். துடைக்கிறவளாக இந்த நாட்டில் எத்தனையோ கதவுகளால் நுழைந்திருக்கிறேன். படத்துக்குச் சொந்தக்காரியாக ஒரு கதவால் நுழையப்போகிறேன் என்று நினைத்தேன்.

டெர்மின் என்று அவர்கள் குறித்துத் தந்த நாளில் படத்தைச் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோனோம். அங்கே அதற்குப் பொறுப்பான பெண் நாற்பத்தைந்து வயதுக்காரி, கட்டைத் தலைமயிர், மெதுவான கைகள். படத்தை வெள்ளைத் துணியில் கிடத்தி, பூதக்கண்ணாடியை என் கையில் தந்து பார்க்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் சொன்னாள்.

அந்த வேலையை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். செம்புத் தகட்டை மணல் அடைத்த தோல் மெத்தையில் வைத்து வெட்டுவார்களாம். உளியின் பிடி காளான் போல உருண்டை. உள்ளங்கைக்குள் அதை வைத்துத் தள்ளுவது. கை நேராக மட்டுமே போகும். வளைவு வேண்டுமென்றால் மற்றக் கையால் தகட்டைத் திருப்புவது. அமத்தினால் கோடு தடிக்கும், மேலோட்டமாக விட்டால் மயிர்போல வரும். பிறகு தகடு முழுக்க மை பூசி, மேலே நிற்கிற மையை உள்ளங்கையால் துடைத்து எடுப்பார்கள். வெட்டுக்குள் கிடக்கிற மை மட்டும் மிஞ்ச வேண்டும். அதன்மேல் ஈரத் தாளைப் போட்டு உருளைகளுக்கு நடுவில் விட்டு நசுக்கினால், தாள் மையைக் குடித்துக்கொண்டு வரும். துடைக்கிறதுதான் கஷ்டமாம். கூடத் துடைத்தால் கோட்டு மையும் போய்விடும், குறையத் துடைத்தால் ஊத்தையாக வரும். எல்லாவற்றிலும் அது எனக்கு நன்றாக விளங்கியது.

அச்சில் திரும்பி வருமென்பதால், தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வெட்ட வேண்டும். எங்கள் மாதாவை வெட்டினவன் அந்தக் கவனமில்லாமல் வெட்டிவிட்டானாம். இந்தப் படத்துக்கு மூலமான கோயில் உருவத்தில் குழந்தை இடக்கையில். படத்தில் வலக்கையில். அதற்காக வாங்கின சனம் ஒன்றும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கீழே இருந்த எழுத்தில் கீறினவன் பெயர், வெட்டினவன் பெயர், விற்றவன் பெயர் மூன்றும் இருந்தன. மை துடைத்த ஆளின் பெயர் இல்லை. அவுக்ஸ்பூர்க் பட்டணத்தில் செய்தது என்று போட்டிருந்தது. வெட்டினவன் மாதாவைக் கும்பிடாத சபையைச் சேர்ந்தவனாகவும் இருக்கலாமாம். அங்கே அப்படிப் பலர் இருந்தார்களாம். பகலில் மாதாவை வெட்டி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை தங்கள் கோயிலுக்குப் போவார்கள். பெட்டியை முதுகில் கட்டிய வியாபாரிகள் இவற்றை ஊரூராகக் கொண்டுபோய் விற்க, ஏழைச்சனம் பெட்டக மூடியின் உட்பக்கத்திலும் மாட்டுக்கொட்டில் கதவிலும் ஒட்டிக் கும்பிட்டது. முத்திரை அளவான குட்டிப் படங்களை வெட்டி, காய்ச்சலுக்குத் தண்ணீரோடு விழுங்கவும் செய்ததாம். இதைச் சொல்லும்போது மகள் முகத்தைச் சுளித்தாள். எனக்கு அதில் ஒரு புதினமும் இல்லை. திருநீறு கரைத்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான்.

அந்தப் பெண் பென்சிலின் பின்பக்கத்தால், தாளில் படாமல், ஒவ்வொன்றாகக் காட்டினார். முகிலில் ஒரு மெழுகுத் துளி. உடுப்பைச் சுற்றி ஊசித் துளைகள். யாரோ ஒருத்தி நிசத் துணியில் சட்டை தைத்து மாதாவுக்குப் போட்டிருக்கிறாள். பாதத்தடியில் கறுத்த ஒரு இடம். அது உதடு வைத்துக் கொஞ்சிக் கொஞ்சிக் கறுத்தது. இதைச் சொல்லும்போது அவருடைய குரல் கோயிலுக்குள் கதைக்கிற மாதிரி இறங்கியது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு முகத்துக்கு வந்தார். மாதாவின் நெற்றியில் வெட்டினவன் ஒரு கோடும் போடவில்லையாம். உளி படாத செம்பு தாளில் வெளிச்சமாக வரும். எங்கே வெட்டாமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான் பெரிய கெட்டித்தனம் என்றார். நான் பதினொரு வருஷம் குச்சி நுனி வைத்த இடம் அவன் எனக்காக விட்ட இடம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த நேரத்தில் பென்சில் பொட்டுக்கு மேலே வந்து நின்றது. அந்தப் பெண் மகளிடம் எதையோ கேட்டார்.

நான் மகளின் கையைப் பிடித்தேன்.

"பிள்ளை, இதை வடிவாச் சொல்லு. அந்தப் பொட்டிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. அது கொப்பர் செத்த பிறகு நான் வெள்ளிக்கு வெள்ளி வைச்சது. அது என்ரை பொட்டு, மாதாவிலை இருக்குது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் என்னவும் செய்யட்டும், அதை மட்டும் விடச் சொல்லு. ஏலாதெண்டால் இப்பவே படத்தைத் தரச்சொல்லு, நான் கொண்டு போறன்."

மகளின் கன்னம் சிவந்தது. அந்தப் பெண்ணிடம் திரும்பி ஏதோ சொன்னாள். ஐந்தாறு சொல்தான் இருக்கும். அவர் சிரித்துத் தலையாட்டி, தாளில் ஒரு வரி எழுதினார்.

"சொன்னனியோ?"

"ஓம், சொன்னனான்."

"நான் இவ்வளவு நீட்டுக்குச் சொன்னன். நீ இத்தினைதானோ சொன்னனி?"

"ஜெர்மனிலை சுருக்கமாத்தான் அம்மா சொல்லுறது."

நான் இந்த நாட்டில் கண்ட சொல்லெல்லாம் சாமான் ரயில் மாதிரி நீளமானவை. சுருக்கமாகச் சொல்லுகிற பாஷை என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஆனால் நான் பெற்ற பிள்ளை. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் என் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கண்காட்சி திறக்கிற அன்று பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு போனேன். கீழ்வீட்டு அக்காவும் வந்தார். ஆட்கள் பேசினார்கள், கைதட்டினார்கள், பழரசம் தந்தார்கள். பிறகு உள்ளே விட்டார்கள். மங்கிய அறை. என் படத்துக்கு மட்டும் தனி விளக்கு. கிட்டப்போய்ப் பார்த்தேன்.

நெற்றி வெறுமையாக இருந்தது.

முதலில் இது வேறு படம் என்றே நினைத்தேன். பிறகு மெழுகுத் துளியைக் கண்டேன். ஊசித் துளைகளைக் கண்டேன். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மற்ற முகத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. செத்த வீட்டில் என் நெற்றியைத் துடைத்துவிட்ட நாள் கண்ணாடியில் பார்த்தபோதும் அப்படித்தான் ஒரு வட்டம் வெளுத்திருந்தது.

அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார். மகள் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பாருங்கள், யாரோ ஒரு பெண் பெரிய கவலையோடு மெழுகுதிரியைக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறாள். பாருங்கள், இங்கே கொஞ்சியிருக்கிறார்கள். இந்த அடையாளங்கள் ஒன்றையும் நாங்கள் எடுக்கவில்லை, அந்தச் சனம் ஒரு தாளில் எவ்வளவு அன்பு வைத்தது என்பதற்கு இவைதான் சாட்சி. ஒரு கிழவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அந்த மெழுகைப் பார்த்தார்.

"என்ரை பொட்டு எங்கை?" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"அம்மா, மெல்லக் கதையுங்கோ."

"எங்கை எண்டு கேள்."

"கேளன் பிள்ளை. கொம்மா கேக்கிறாதானே," என்றார் அக்கா.

கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அந்தச் சிவப்புத் தூளில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன, தாளை அரித்துவிடும். அதோடு அது படத்தின் காலத்துக்கு உரியதில்லை, பிறகு வந்தது.

"மெழுகும் பிறகுதானே வந்தது? வெட்டினவன் மெழுகு பூசியோ வித்தவன்? செத்துப்போனவள் ஊத்தினால் சாட்சி, உயிரோடை நிக்கிறவள் வைச்சால் அழுக்கோ?"

மகள் இதை ஜெர்மனில் சொல்லவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும். மெழுகும் பிந்தித்தான், இவ வைத்ததும் பிந்தித்தான் என்று உடைந்த ஜெர்மனில் சத்தமாகச் சொன்னார். மாதாவுக்குப் பொட்டு வைத்ததற்காக என்னைப் பழித்த அதே மனுசி. அந்தப் பெண்ணின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவர் என் மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். கோபமாக இல்லை, விளங்காமல் கேட்ட மாதிரி.

அக்கா என் பக்கம் குனிந்தார். "எடி, உன்ரை மோள்தானாம் சொன்னவ. அது சும்மா ஒரு கறை, எடுக்கலாம் எண்டு."

பட்டுச்சேலையோடு வெளியே வந்து பஸ் தரிப்பு மர வாங்கில் உட்கார்ந்தேன். மகள் பின்னால் வந்தாள்.

"நான் அவைக்கு என்னெண்டம்மா சொல்லுறது? புருசன் செத்தால் எங்கடை ஆக்கள் பொம்பிளையின்ரை பொட்டை அழிச்சுப்போடுவினம், அதாலை அம்மா படத்துக்கு வைக்கிறா எண்டோ? என்னை எப்பிடிப் பாப்பினம்?"

"உண்மையைத்தானே சொல்லச் சொன்னனான்."

"எத்தினை தரம் சொன்னனான், நீங்கள் உங்கடை நெத்தியிலை வையுங்கோ எண்டு. ஆர் உங்களைத் தடுத்தது? அப்பாவோ? நீங்கள்தான் சனத்துக்குப் பயந்து ஒரு கடதாசியிலை ஒளிச்சு வைச்சனீங்கள்."

அவள் சொன்னதில் பாதி சரி. அதனால்தான் இன்றைக்கும் அது ஆறவில்லை. ஆனால் பயம் என்று அவள் சொன்னது பிழை. நான் என் மனுசனோடு வாழ்ந்ததற்கு என் வெறும் நெற்றிதான் கணக்கு. அதை ஊருக்காக வைத்திருக்கவில்லை. எனக்கென்று ஒரு கடுகளவு மிச்சம் வேண்டியிருந்தது, அதை வைக்க ஒரு இடம் கிடைத்தது. இதை அந்த வாங்கில் வைத்து அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பஸ் வந்தது. அக்காவும் வந்து ஏற, மூன்று பேரும் தனித்தனி இருக்கைகளில் இருந்தோம்.

மூன்று மாதம் கழித்துப் படம் தட்டையான பெட்டியில் வந்தது. புதுக் கண்ணாடியும் போட்டிருந்தார்கள், வெயில் உள்ளே போகாத நல்ல கண்ணாடியாம். கூடவே ஒரு கோப்பு. நான் கேளாமலே மகள் அதை முழுக்க வாசித்துச் சொன்னாள். துடைக்க முதல் எடுத்த போட்டோ, துடைத்த பிறகு எடுத்த போட்டோ. நெற்றியிலிருந்து எடுத்த தூளில் கொஞ்சம் மாதிரிக்காக ஒரு கண்ணாடிக் குழாயில், இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

"கண்ணாடிக்கு மேலை வையன்," என்றார் கீழ்வீட்டு அக்கா. "முருகனுக்கு அப்பிடித்தானே வைக்கிறாய்?"

"கண்ணாடிக்கு வைச்சால் துணி எடுத்து ஒரு இழுவை. போயிடும். துடைக்கிறது என்ரை தொழில் அக்கா, எனக்குத் தெரியாதே?"

படத்தைச் சாமி அறைக்குள் எடுக்கவில்லை. விறாந்தையில் கொழுவினேன். வருகிறவர்கள் நல்ல பழைய படம் என்கிறார்கள். மகள் தன் சிநேகிதிகளுக்குச் செம்பில் வெட்டின விதத்தைச் சொல்லிக் காட்டுகிறாள். நான் அந்தப் பக்கமாகக் குசினிக்குப் போகிறேன், வருகிறேன்.

போன பங்குனியில் நூதனசாலையிலிருந்து கடிதம் வந்தது. படத்தை நிரந்தரமாகத் தங்களுக்குத் தந்துதவ முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நடந்ததற்கு அந்தப் பெண் வருத்தமும் எழுதியிருந்தார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யார் உண்மையைச் சொன்னார்கள்?

"என்ன எழுத அம்மா?" என்றாள் மகள்.

"தாறன் எண்டு எழுது. அந்தக் குழாய்க்குள்ளை கிடக்கிறதை எனக்குத் திருப்பித் தரச்சொல்லு. அது வந்தாப் பிறகு படத்தைக் கொண்டுபோகட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். எழுதினாள்.

ஒரு மாதத்தால் பதில் வந்தது. அந்தத் தூள் மிகவும் கொஞ்சமாக இருந்ததாம். தாளுக்கு என்ன கெடுதல் செய்யும் என்று பார்க்கிற பரிசோதனையில் முழுவதும் தீர்ந்துவிட்டதாம். குழாயில் இப்போது ஒன்றும் இல்லை, இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. மனம் வருந்துகிறார்கள்.

"அப்ப படமும் இல்லையெண்டு எழுது."

எழுதி அனுப்பினாள். அதற்கும் பதில் போட்டார்கள், மரியாதையான ஆட்கள். என் முடிவை மதிக்கிறார்களாம். படத்தின் மீது தங்களுக்கு உள்ள விருப்பம் மாறாது, காலம் வரும்வரை காத்திருப்போம் என்று எழுதியிருந்தார்கள். காலம் என்றால் என்ன காலம் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். அந்த வரியை வாசித்தபோது கடிதத்தை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

காத்திருக்கட்டும். எனக்கு இரத்த அழுத்தமும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை.